இரண்டு வேளை பல் துலக்கியும் வாய் நாற்றம் போகவில்லை என்றால் எங்கே தேடுவது?

‘காலையும் இரவும் பல் துலக்குகிறேன், மூன்று வேளை மவுத்வாஷ் கொப்பளிக்கிறேன், வயிற்றுக்கு ஒரு மாதம் மாத்திரையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன், ஆனாலும் பக்கத்தில் போய்ப் பேசினால் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், இது வயிற்றிலிருந்து வருகிறதா, நிரந்தரமாகப் போக வழி உண்டா’ என்று கேட்டிருக்கிறீர்கள். வயிற்றைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும் உங்கள் மனதில் ஓடுவது வேறு என்று நினைக்கிறேன். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டேனே, அப்புறமும் ஏன் போகவில்லை, உள்ளே ஏதாவது பெரிதாகக் கெட்டுப்போயிருக்கிறதா என்கிற பயம்தான் அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். இடையில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள், ‘பல் துலக்கும்போது எப்போதாவது ரத்தம் வரும், அது பல வருடமாகவே இருப்பதுதான்’ என்று. நீங்கள் எழுதியதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரிதான், கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

நான் பல் மருத்துவர், இருபது வருடத்துக்கு மேலாக ஈறு சிகிச்சைதான் பெரும்பாலும் செய்துவருகிறேன். உங்கள் வாயைப் பார்க்காமல் இன்னதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. விடாமல் இருக்கும் வாய் நாற்றத்தில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. மிச்சம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கும் தொண்டையும். வயிறு, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் அதற்கும் பின்னால், வெகு தூரத்தில்தான் வருகின்றன.

நாற்றம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும். காற்றுப் படாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நம் எல்லோர் வாயிலும் இருக்கின்றன. உதிர்ந்த செல்கள், எச்சிலில் உள்ள புரதம், உணவுத் துணுக்கு, ஈறிலிருந்து கசியும் ரத்தம் இவற்றில் இருக்கும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்களை அவை உடைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன் என்ற வாயுக்கள் வெளியே வருகின்றன. முதலாவது அழுகிய முட்டை வாடை, இரண்டாவது அழுகிய முட்டைக்கோஸ் வாடை. ஆக, காற்றும் பிரஷ்ஷும் போகாத மூலை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இது நடக்கும். பல்லின் வழுவழுப்பான முன்பக்கத்தை எத்தனை தடவை தேய்த்தாலும் அந்த மூலைகள் அப்படியேதான் இருக்கும். நீங்கள் சிரத்தையாகப் பல் துலக்கியும் பலன் இல்லாததற்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த மூலைகளில் முதலாவது நாக்கின் பின்பகுதி. கண்ணாடி முன்னால் நின்று நாக்கை முடிந்த மட்டும் வெளியே நீட்டிப் பாருங்கள், முன்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும், பின்னால் போகப் போக வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படிவு தெரியும். நாக்கின் மேல்பரப்பு கம்பளம் மாதிரி, இழைகளுக்கு நடுவே எல்லாம் சிக்கிக்கொள்ளும், மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் சளியும் அங்கேதான் வந்து தங்கும். நாக்கை வழிக்கிறேன் என்று சொல்பவர்களில் நிறையப் பேர் முன்பாதியை மட்டும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பின்னால் கொண்டுபோனால் குமட்டுகிறது, அதனால் விட்டுவிடுகிறார்கள். வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில் செய்யாதீர்கள். நாக்கு நுனியை ஒரு சுத்தமான துணியால் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி வழிப்பானைப் பின்னால் வைத்து ஒரே சீராக முன்னால் கொண்டுவாருங்கள், நான்கைந்து தடவை போதும். ஒன்றிரண்டு வாரத்தில் குமட்டல் குறைந்துவிடும். ரத்தம் வருகிற அளவுக்கு அழுத்த வேண்டாம், சுரண்டிச் சிவக்க வைப்பதால் கூடுதலாக எந்த நன்மையும் இல்லை. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நாக்கு வழிப்பதால் நாற்றம் குறைவது உறுதி, ஆனால் அது சில மணி நேரத்துக்குத்தான், படிவு திரும்பவும் சேரும். அதனால் இது தினசரி வேலை, ஒரு தடவை செய்து முடிக்கிற சிகிச்சை கிடையாது.

இப்போது அந்த ரத்தம். ஆரோக்கியமான ஈறு பிரஷ் பட்டால் கசியாது. கையைக் கழுவும்போது வாரம் ஒரு முறை ரத்தம் வந்தால் யாராவது சும்மா இருப்போமா? வாயில் மட்டும் பல வருடமாக அதைச் சகஜம் என்று எடுத்துக்கொள்கிறோம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இயல்பாகவே ஒரு சிறு இடைவெளி உண்டு, ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் ஆழம். பல் ஓரத்தில் படியும் அழுக்கை எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து அது கல் மாதிரி இறுகிக் காரையாகிறது. காரையின் சொரசொரப்பில் மேலும் அழுக்குச் சேர்ந்து, ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கினால் அந்த இடைவெளி நான்கு, ஐந்து, ஏழு மில்லிமீட்டர் என்று ஆழமாகிக்கொண்டே போகும். இதைத்தான் நாங்கள் பாக்கெட் என்போம். உள்ளே காற்று இல்லை, கதகதப்பான ஈரம் இருக்கிறது, சாப்பிட ரத்தமும் புரதமும் இருக்கின்றன, அந்த பாக்டீரியாக்களுக்கு வேறு என்ன வேண்டும்? மெத்தில் மெர்காப்டன் இங்கே அதிகமாக உண்டாகிறது, நாக்குப் படிவின் வாடையை விட இந்த வாடை இன்னும் கடுமையாக இருப்பதற்கு அதுவும் காரணம். பிரஷ் நார் அந்த ஆழத்துக்குப் போகாது, மவுத்வாஷும் போகாது, வலியும் பெரும்பாலும் இருக்காது. வலி இல்லாததுதான் இந்த நோயில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் பலர் வருகிறார்கள், அதற்குள் கரைந்த எலும்பை முழுதாகத் திரும்பக் கொண்டுவர முடிவதில்லை. புகை பிடிப்பவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் குறைவாகத்தான் வரும், அதனால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் வேகமாக முற்றும், ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படாமல் தள்ளிப் போவது எல்லோரும் செய்கிற தப்பு. அங்கேதான் மென்மையான நார் உள்ள பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து நிதானமாகத் துலக்க வேண்டும். ஏற்கெனவே காரையாகிவிட்டதை வீட்டில் எடுக்க முடியாது, அதற்கு ஸ்கேலிங் வேண்டும், பாக்கெட் ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்குக் கீழே வேர்ப்பகுதியையும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஸ்கேலிங் செய்தால் பல் தேய்ந்துவிடும், பற்களுக்கு நடுவே இடைவெளி விழும், ஆட ஆரம்பித்துவிடும் என்று பயந்து தள்ளிப்போடுபவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். சரியாகச் செய்தால் பல் தேய்வதில்லை. இடைவெளி தெரிவதற்குக் காரணம், அதுவரை அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்த காரை போய், வீக்கமும் வற்றுவதுதான். கூச்சம் சில நாள், சிலருக்குச் சில வாரம் இருக்கும், பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும்.

பல் இடுக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். என்னிடம் வருபவர்களிடம் நான் விளக்கம் சொல்வதை விட ஒரு சின்ன வேலை செய்கிறேன். பல் இடுக்குக்கென்றே பாட்டில் கழுவும் பிரஷ்ஷைப் போலக் குட்டியாக ஒன்று இருக்கிறது, அதைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒரு முறை விட்டு எடுத்து, சில வினாடி கழித்து அவர்கள் கையிலேயே கொடுத்து முகர்ந்து பாருங்கள் என்பேன். அதில் ஒட்டியிருப்பது வெள்ளையாக, மாவு மாதிரி, கடுகளவுதான் இருக்கும். முகர்ந்தவுடன் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு மேல் கடைவாய்ப் பல்லின் மீது தொப்பி மாதிரி மாட்டிய உறையின் ஓரம் பல்லோடு சரியாகப் பொருந்தவில்லை, அந்த இடத்தில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலை விடும்போதெல்லாம் பிய்ந்துகொண்டு வந்தது. அவர் அதற்கு முன் வயிற்றுக்குள் கேமரா விட்டுக்கூடப் பார்த்துவிட்டார். உறையைக் கழற்றிய நிமிஷமே அறை முழுக்க அந்த வாடை, உள்ளே பல் சொத்தையாகிப் பஞ்சு மாதிரி இருந்தது. சொத்தையைச் சுத்தம் செய்து, ஓரம் பொருந்துகிற மாதிரி வேறு உறை போட்டோம், நாற்றம் நின்றது. வயிற்றுக்கு ஒன்றுமே செய்யவில்லை. இதே மாதிரி, நடுவே உணவு சிக்கும் சொத்தை, பாதி முளைத்து மேலே ஈறு மூடிய ஞானப்பல், இரவில் கழற்றாமல் போட்டபடியே தூங்கும் பல்செட் என்று ஒவ்வொன்றும் தனியாகவே போதுமான காரணம். உறை, பிரிட்ஜ் (விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பற்களோடு நிலையாகப் பொருத்துவது), பல்செட் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

எச்சில் குறைவதும் ஒரு காரணம். நமக்கு நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது, வாயைக் கழுவிக்கொண்டே இருப்பது அதுதான். தூங்கும்போது சுரப்பு மிகவும் குறைந்துவிடுவதால் விடியற்காலை வாடை எல்லோருக்கும் உண்டு, பல் துலக்கிச் சாப்பிட்டவுடன் அது போய்விடுமென்றால் கவலைப்பட எதுவும் இல்லை. பகலிலும் வாய் வறண்டே இருந்தால் மூக்கடைப்பினால் வாய் வழியாக மூச்சு விடுகிறீர்களா, அலர்ஜிக்கோ மன அழுத்தத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பார்க்க வேண்டும். இந்த வகை மாத்திரைகளில் பலவும் வாயை வறட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டால் மாற்று இருக்கிறதா என்று சொல்வார். அடிக்கடி தண்ணீர் குடிப்பதும் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்வதும் ஓரளவு உதவும்.

மவுத்வாஷை மூன்று வேளை பயன்படுத்துகிறீர்கள். வாய் நாற்றத்துக்கு ‘ஹாலிட்டோசிஸ்’ என்ற பெயர் சாதாரண மக்களிடம் பரவியதே 1920களில் வந்த லிஸ்டரின் என்ற மவுத்வாஷ் விளம்பரங்களால்தான், அப்போதிருந்தே வாய் நாற்றம் என்றால் கொப்பளிக்கும் மருந்து என்று மனதில் பதிந்துவிட்டது. பெரும்பாலான மவுத்வாஷ்கள் ஒரு மணி, இரண்டு மணி நேரம் வாடையை மறைக்கும், அவ்வளவுதான். ஆல்கஹால் சேர்ந்ததாக இருந்தால் சிலருக்கு வாய் இன்னும் வறண்டுபோகலாம். துத்தநாக உப்பு சேர்ந்தவை கொஞ்சம் மேல், ஏனென்றால் அது கந்தகத்தோடு சேர்ந்து அந்த வாயுவையே கட்டிப்போடுகிறது. குளோர்ஹெக்ஸிடின் நன்றாக வேலை செய்யும் மருந்து, ஆனால் மருத்துவர் சொல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம், பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை விழும், ருசியும் மாறும். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் பல் துலக்கி அரை மணி நேரம் கழித்தே கொப்பளிக்க வேண்டும். எதுவானாலும் சுத்தம் செய்த வாய்க்குத்தான் இவை துணை. காரையும் பாக்கெட்டும் இருக்கும் வாயில் மூன்று வேளை என்ன, முப்பது வேளை கொப்பளித்தாலும் பயன் இல்லை.

வாயில் ஒன்றுமே இல்லை என்று பல் மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டால் அடுத்து மூக்கும் தொண்டையும். டான்சில் குழிகளில் அரிசி மாதிரி சிறு உருண்டைகள் சேர்வது உண்டு, இருமும்போது வெளியே வரும், நசுக்கினால் தாங்க முடியாத வாடை அடிக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் ஆபத்து இல்லை, உப்பு நீரில் தொண்டையைக் கொப்பளித்தாலே பலருக்குக் குறையும். நாள்பட்ட சைனஸ் தொல்லை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமான சளி வந்தால் மணியோ பஞ்சோ உள்ளே போட்டுக்கொண்டிருக்கிறதா என்று உடனே காட்டுங்கள். எங்கிருந்து வருகிறது என்று ஒரு குத்துமதிப்புத் தெரிய வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. உதட்டை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள், பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் விடுங்கள், இரண்டையும் பக்கத்தில் ஒருவர் முகர்ந்து சொல்லட்டும். வாயில் மட்டும் வாடை என்றால் வாய் அல்லது தொண்டை, மூக்கில் மட்டும் என்றால் மூக்கு, இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் நுரையீரல் வழியாக, அதாவது ரத்தத்திலிருந்து வரலாம். பூண்டு சாப்பிட்டால் எத்தனை தடவை பல் துலக்கினாலும் போகாமல் இருப்பது இந்த வழியில்தான், அதில் உள்ள ஒரு கந்தகப் பொருள் ரத்தத்தில் கலந்து மூச்சில் பல மணி நேரம் வந்துகொண்டிருக்கும்.

சரி, வயிறு. உணவுக்குழாய் சும்மா இருக்கும்போது சுருங்கியே இருக்கும், வயிற்றின் வாசலும் மூடியிருக்கும். அதனால் வயிற்று வாடை இருபத்து நான்கு மணி நேரமும் மேலே வந்துகொண்டிருக்க வழி இல்லை, ஏப்பம் விடும்போது வரும், போய்விடும். அமிலம் தொண்டை வரை எதுக்களித்து வருபவர்களுக்கு அதனால் வாடை வரலாம், நெஞ்செரிச்சலும் புளித்த ருசியும் கூடவே இருக்கும். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமிக்கும் வாய் நாற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, ஆகவே உண்டு என்றும் இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டும் உங்களுக்கு மாற்றமில்லை, வயிற்றில் தொந்தரவு இருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. வாயைப் பார்ப்பதற்கு முன் அந்த வழியில் மேலும் செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. கல்லீரலும் சிறுநீரகமும் மோசமாகப் பழுதானால் மூச்சில் தனி வாடை வரும் என்பது உண்மைதான், ஆனால் அந்த நிலையில் இருப்பவருக்கு வாய் நாற்றம் மட்டும் தனியாக இருக்காது, மற்ற அறிகுறிகள் நிறைய இருக்கும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவசரம் காட்ட வேண்டும்: சர்க்கரை நோயாளியின் மூச்சில் நெயில் பாலிஷ் கழுவும் திரவம் மாதிரி வாடை வந்து, கூடவே வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது, மயக்கம் எல்லாம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் தயங்காமல் கேட்டுவிடுகிறேன். மனைவி முகத்தைத் திருப்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், ‘நாற்றம் வருகிறது’ என்று அவர் வாயால் சொன்னாரா? தன் மூச்சைத் தானே முகர்ந்து கண்டுபிடிப்பது கடினம், மூக்கு தன் வாடைக்குப் பழகிவிடும், கையைக் குவித்து ஊதிப் பார்ப்பதை நம்பவே முடியாது. அதனால் மற்றவர் மூக்கைத் தொடுவதையும் முகம் திருப்புவதையும் வைத்து நாமே முடிவு கட்டிவிடுகிறோம். நாற்றம் துளியும் இல்லாதபோதும் அது இருக்கிறது என்று உறுதியாக நம்பி வேலையையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்கிப்போனவர்களை என் மேசைக்கு எதிரே உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். அவர்கள் படும் வேதனை நிஜம். அதற்கும் பெயர் உண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இப்போது தனி இடமும் உண்டு, மனநல மருத்துவரிடம் நல்ல சிகிச்சையும் உண்டு. உங்களுக்கு அப்படி என்று நான் சொல்லவில்லை, ஈறில் ரத்தம் வருகிறபோது நாற்றம் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் அவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். சிகிச்சை பலித்ததா என்று பிறகு சொல்லப்போகிறவரும் அவர்தான், எந்தக் கருவியை விடவும் நம்பகமான அளவுகோல் இன்னொரு மனிதரின் மூக்குதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இன்றிரவு வாசனை சேர்க்காத ஃபிளாஸ் நூலைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒவ்வொரு இடமாக விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள், எந்த இடுக்கில் வாடை, எந்த இடுக்கில் ரத்தம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூனால் நாக்கின் பின்பகுதியை லேசாக வழித்து அதையும் முகர்ந்து பாருங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது ‘கிளீன் பண்ண வேண்டும்’ என்று மட்டும் சொல்லாமல், ‘ஈறில் ரத்தம் வருகிறது, பாக்கெட் ஆழத்தை அளந்து சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் அளப்பார்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்றால் நிம்மதி, நான்கும் அதற்கு மேலும் ரத்தத்தோடு இருந்தால் அங்கே வேலை இருக்கிறது. எக்ஸ்ரே தேவையா என்று அவர் சொல்வார். சிகிச்சைக்குப் பிறகு இடுக்கு பிரஷ் எந்த அளவு வேண்டும் என்று கேட்டு வாங்கி, தினமும் ஒரு வேளை, முடிந்தால் இரவில், பல் துலக்குவதற்கு முன் அதைச் செய்யுங்கள், நாக்கையும் வழியுங்கள். ஈறு ஆறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், சில சமயம் மூன்று மாதம் வரைகூட. அப்போது திரும்பப் போய் அதே இடங்களை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அதற்குள் இடுக்கு பிரஷ்ஷில் ரத்தம் நின்றிருக்க வேண்டும், முகர்ந்தால் அந்த வாடையும் குறைந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் இரண்டும் நிற்கவில்லையோ அந்தப் பல்லை மருத்துவரிடம் விரல் வைத்துக் காட்டுங்கள்.